கீழிருந்து அடித்த வெயில்

வேலைக் கூட்டத்தில் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு எரியும். மொட்டைமாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது அவள் தொழில். வீட்டுக்குள் சூடு இறங்காமலிருக்க அடிக்கிற பூச்சு என்பதால், வேலை குவிவதே கோடையில்தான். காண்ட்ராக்ட் எடுப்பவன் அவள் கணவனின் தம்பி. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

இந்தக் கோடையில் மூன்றாவது வீட்டு மொட்டைமாடி முடிவதற்குள் அவள் தாடைக்கடியில் எரிச்சல் கண்டது. மறுநாள் கீழுதட்டுக்குக் கீழும் கழுத்திலும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பின. தலையில் துண்டு போட்டிருந்தும் இப்படியா என்று சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் அவளுக்கு மேல் கோபக்காரி.

"தலையை மூடிட்டா ஆச்சா? நீ அடிக்கிற வெள்ளை கண்ணாடி மாதிரி. வெயிலைக் கீழேருந்து உன் மூஞ்சிக்கே திருப்பி அடிக்குது. கொப்புளத்தைக் கிள்ளாதே. முழுக்கை சட்டை போடு, கழுத்தைச் சுத்தித் துணி கட்டு. புண் ஆறினப்புறம், கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி வெயில் கிரீம் தடவு, ரெண்டு மணிக்கொரு தரம் மறுபடி தடவு. பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும் மாடி ஏறாதே."

"சிரிச்சுக்கிட்டு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று முணுமுணுத்துவிட்டு வந்தாலும், ஒரு சொல் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் வீட்டிலிருந்து புண் ஆற்றிவிட்டு, கணவனின் பழைய முழுக்கை சட்டையும், மூக்குவரை சுற்றிய பருத்தித் துணியும், கண்ணைச் சுற்றி அப்பிய கிரீமுமாக வேலைக்குப் போனாள். கொழுந்தன் ஆட்களுக்குக் கேட்கும்படி சிரித்தான்.

"என்ன அண்ணி, கல்யாணப் பொண்ணு மேக்கப்பா?"

"உன் பல்லைப் பாத்துக்க. அதுவும் வெயில்ல காயுது."

பதினோரு மணிக்கு, பூச்சு அடிக்கும் உருளையை வாளியில் போட்டுவிட்டு மாடிப்படி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து நின்றான்.

"நாளைக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"குடுத்தது உன் வாய். காயறது என் தோல். நாலு மணிக்குத்தான் ஏறுவேன்."

"வேலை செய்ய உடம்பு வணங்காதவளுக்கு வெயில் ஒரு சாக்கு!"

"அவ்வளவு வீரன்னா நீயே ஏறு."

நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டாள். அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையில்லாத பனியனோடு ஏறினான். மூன்று மணிவரை இறங்கவில்லை. அவளும் போய் இறங்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ஒரு முறை தோன்றியது. வணங்காதவள் என்ற சொல் குறுக்கே வந்து நின்றது.

மறுநாள் காலையில் அவன் மனைவி ஓடிவந்தாள். "அக்கா, ராத்திரி பூரா புரண்டு படுக்க முடியலை அவரால. வந்து பாருங்க."

கொழுந்தன் குப்புறக் கிடந்தான். தோளும் முதுகும் கன்றிச் சிவந்து, அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது.

"என்ன கண்றாவி இது?"

"பற்பசைக்கா. குளுகுளுன்னு இருக்கும்னு..."

"உங்க வீட்டுல புத்தியே கிடையாதா?"

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பசையை மெல்லக் கரைத்துக் கழுவினாள். துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ விட்ட சாபம்தான்" என்றான்.

"சாபம் விடற அளவுக்கு உன்னை நான் நினைக்கறதே இல்லை. அசையாம படு."

கை பதமாகத்தான் நடந்தது. வாய்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கும்படியும், காய்ச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போகும்படியும் ஓரகத்தியிடம் அதட்டிச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவன் மீண்டும் வேலைக்கு வர ஒரு வாரமானது. ஆட்களை நிற்கவைத்து, இனி விடிந்ததும் தொடங்கிப் பத்தரைக்கு நிறுத்தலாம், மறுபடி நாலு மணிக்கு ஏறலாம் என்றான். "ரொம்ப யோசிச்சு நான் எடுத்த முடிவு இது."

"சிலருக்குத் தோல் உரிஞ்சாத்தான் யோசனையே வருது" என்றாள் மிளகாய்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். கோடை முழுக்க இருவருக்கும் நடுவில் அகப்பட்டது அவள் கணவன்தான். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கொழுந்தன் சுவரைப் பார்த்து, "அண்ணே, நாளைக்கு அஞ்சரைக்கு வரச் சொல்லு" என்பான்.

"வர்றேன்னு சொல்லுங்க. மூஞ்சியை மூடிக்கிட்டுத்தான் வருவேன்னும் சொல்லுங்க" என்பாள் அவள், அதே சுவரைப் பார்த்து.