வடக்கில் வண்டிப்பாதை

மாவிலங்குறிச்சிக்குப் போய்க் கொளஞ்சி வீடு எது என்று கேட்டால், "யாரு, பாதைக்காரனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். போன ஆடி மாதம் வரை அந்த ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அவர் எதுவும் செய்ததில்லை. ஒரு ஏக்கர் கரிசல். அதில் ஒரு வருஷம் பருத்தி, ஒரு வருஷம் மக்காச்சோளம். மற்ற நாளில் யார் கூப்பிட்டாலும் கூலி வேலை. மனைவி கண்ணகி, பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள் நந்தினி. ஊர்க் கூட்டத்தில் கடைசி ஆளாய் வந்து நின்று, முதல் ஆளாய்க் கலைந்துபோகிறவர்.

ஊருக்கும் தேவன்குடிக்கும் மூன்று கிலோமீட்டர். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊசி போடும் டாக்டர் எல்லாம் தேவன்குடியில்தான். போக ஒரே ரோடு. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகளுக்கும் அதே ரோடு. இரண்டு பக்கமும் தார் முடிகிற இடத்திலேயே கருவை முள் தொடங்கிவிடும். லாரி வந்தால் முள்ளுக்குள் ஒதுங்க வேண்டும். போன பிறகும் கொஞ்ச நேரம் எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது. அந்தப் புழுதி இலை மேல், மாட்டின் இமை மேல், பிள்ளைகளின் யூனிஃபார்ம் மேல் வெளுப்பாய்ப் படிந்து கிடக்கும். அதைத் தட்டிவிடும் பழக்கத்தை ஊர் எப்போதோ விட்டுவிட்டது.

ஆடி பதினெட்டுக்கு நான்கு நாள் முன்னால், ஓடை வளைவில், ஷாலினி மேரி லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிப் போனாள். கிறிஸ்தவர் தெரு அமல்தாஸின் மகள், நந்தினியின் வகுப்பு. நந்தினி நாலடி முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். வேதியியல் டெஸ்ட்டைப் பற்றி ஏதோ கேட்டாள். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

மறியல் நடந்தது. கிறிஸ்தவர் தெரு, மேலத்தெரு என்று பார்க்காமல் ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அதிகாரிகள் வந்து, பள்ளிக்கூட நேரத்தில் லாரி ஓடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு நாள் ஓடவில்லை. இருபத்திமூன்றாம் நாள் காலை எட்டரைக்கு முதல் லாரி வந்தது. அன்றைக்கே கண்ணகி மகளின் சைக்கிளைப் பூட்டி, சாவியை அரிசி டின்னுக்குள் போட்டாள்.

"படிச்சது போதும். எனக்குப் புள்ள வேணும்."

"பரீட்சைக்கு ஏழு மாசந்தான் இருக்கு. அதுவரைக்கும் பஸ்ல போவட்டும்" என்றார் கொளஞ்சி.

காலையில் வரும் ஒரே டவுன் பஸ் பத்து மணிக்கு. முதல் இரண்டு பீரியட் போய்விடும். தலைமையாசிரியர் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார்.

"பரீட்சைக்கும் பத்து மணி பஸ்லயா போவா? ஒம்பதரைக்கு உள்ள இருக்கணுமாம். என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் கண்ணகி.

கொளஞ்சி ஆட்டோ என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். போன வருஷம் அதே வளைவில் நசுங்கிய ஷேர் ஆட்டோவின் தகரம் இன்னும் ஓடையில் கிடக்கிறது.

"பாத்துக்கலாம்" என்றார். என்ன பார்ப்பது என்று அவருக்கே தெரியாது.

பயிர் இன்சூரன்ஸ் பதிவுக்காக நந்தினி ஒரு நாள் நிலத்துப் பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தவள் எல்லைகளை வாய்விட்டுப் படித்தாள். "தெற்கில் ஓடைப் புறம்போக்கு, வடக்கில் தேவன்குடி செல்லும் வண்டிப்பாதை... அப்பா, நம்ம கொல்லைக்கு வடக்க ஏதுப்பா பாதை? அங்க அடுத்தவங்க கொல்லைல்ல இருக்கு?"

கொளஞ்சி அந்தத் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தார். ரோட்டுக்கு அரைக் கிலோமீட்டர் தெற்கே, வயல்களுக்கு நடுவே, ஊரிலிருந்து ஊருக்கு ஒரு பாதை. லாரி வராத பாதை.

செய்தி ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. அந்தப் பாதை எங்கே போனது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. "கம்பெனிக்காரன் முழுங்கிட்டான்யா" என்றார் சாமிதுரை. ஊரில் வார்த்தை எடுபடுகிற மனிதர். கொளஞ்சிக்கு மாமா முறை. "மலையையே முழுங்கறவன், மாட்டு வண்டி போற பாதைய வுட்டு வெப்பானா? எழுதுடா மாப்ள மனுவ. மொதக் கையெழுத்து என்னுது."

முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. கைநாட்டு மட்டும் நாற்பதுக்கு மேல். கொளஞ்சி வாழ்க்கையில் முதல்முறையாக முன்வரிசையில் நின்றார். திங்கள்கிழமை மனுநாளுக்கு அரியலூர் போனார். அடுத்த திங்களும் போனார். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மனுவைக் கொடுத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஐந்தாம் வாரம் அவரைப் பார்த்ததுமே வாசல் போலீஸ்காரர், "பாதைக்காரரா, போங்க" என்றார். அந்தப் பேர் அவருக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

ஐப்பசியில் உண்மையாகவே சர்வேயர் வந்தார். ஓர் இளம் பெண். நிலங்களை அளந்து வரைந்த புலப்படத்தை விரித்துக்கொண்டு, தொப்பியும் காலில் ஷூவுமாக வெயிலில் நடந்தார். பின்னாலேயே ஊர். எல்லைக்கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. கடைசியில் ஒரு கல் கிடைத்தது. தலையில் அம்பு செதுக்கிய கல். சாமிதுரையின் மோட்டார் கொட்டகையில், துணி துவைக்கும் கல்லாகப் படுத்திருந்தது.

"இது இங்க எப்படிங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டார் சர்வேயர்.

"கல்லுதானே, கெடந்துச்சு" என்றார் சாமிதுரை.

ஆனால் படத்துக்குக் கல் தேவைப்படவில்லை. அந்தப் பெண் அளந்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். பதினாறடி அகலம். கோடு சுரங்கத்தின் பக்கம் போகவே இல்லை. கம்பெனி வேலிக்கு இருநூறு மீட்டர் தள்ளியே ஓடியது. தங்கசாமியின் வெங்காயத்துக்குள், சாமிதுரையின் சோளத்துக்குள், கொளஞ்சியின் பருத்திக்குள், ராசாங்கத்தின் கரும்புக்குள். இரண்டு ஊருக்கும் இடையில் முப்பத்தொரு பேர் நிலத்துக்குள். பாதையைக் கம்பெனி முழுங்கவில்லை. தென்பக்கத்தார் கொஞ்சம், வடபக்கத்தார் கொஞ்சம் என்று ஊர்தான் தின்று தீர்த்திருந்தது.

கோடு தன் பருத்திக்குள் நுழைந்தபோது கொளஞ்சி பனைமரத்தைப் பார்த்தார். வயலுக்குள்ளே பதினைந்தடி தள்ளி நின்றது. சின்ன வயதில் அது வரப்பில் நின்ற மரம். "ஏர் திரும்ப எடம் வேணும்ல" என்று சொல்லிச் சொல்லி அப்பா வருஷத்துக்கு ஒரு சால் கூட்டி உழுவார். அப்பா செத்த பிறகு கொளஞ்சியும் அப்படித்தான் உழுதார். மரம் நகராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வரை அதை யோசித்ததே இல்லை.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம். கொளஞ்சியால் இந்தமுறை பின்னால் போய் நிற்கவும் முடியவில்லை.

"ஏன்டா மாப்ள, கம்பெனிகிட்ட வழி கேட்டுட்டு வாடான்னா, எங்க கொல்லையக் கேட்டுட்டு வந்திருக்க?" என்றார் சாமிதுரை. ஊர் சிரித்தது.

"நாமதான மாமா கையெழுத்துப் போட்டோம்."

"கம்பெனிக்காரன் எடத்துக்குப் போட்டோம்டா!"

"பதினாறடி வேணாம். ஆளுக்கு ஆறடி வுட்டாப் போதும். புள்ளைங்க சைக்கிள்ல போயிடும்."

"ஆறடி வுட்டா சர்க்கார் பதினாறையும் எடுப்பான். எம் போரு அதுல இருக்கு, நீ தண்ணி எறைப்பியா?" இது தங்கசாமி. பிறகு யார் எதைப் பேசுகிறார்கள் என்று தெரியாத இரைச்சல். அதற்குள் யாரோ, "எப்பவோ ஒண்ணு நடக்கறதுக்கு" என்றது மட்டும் கொளஞ்சியின் காதில் தெளிவாய் விழுந்தது. யார் குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தை மறக்க முடியாது.

அமல்தாஸ் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் நிலம் தேவன்குடிப் பக்கம், பாதையின் கடைசியில் இருந்தது. அவர் ஒருவர் விட்டால் மற்றவர் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்துக் கொளஞ்சி போனார். அமல்தாஸ் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"நான் வுட மாட்டேண்ணே."

கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மண்ணுக்காகச் சொல்லல. வேணும்னா இந்தக் கொல்லை மொத்தமும் எடுத்துக்கங்க. பாதைன்னு மட்டும் எழுதாதீங்க. நாம தனியாப் பாதை போட்டுக்கிட்டோம்னா ரோடு லாரிக்குன்னு ஆயிடும்ல? அப்பறம் எம் பொண்ணு அங்க எதுக்குப் போனான்னு கேப்பான். அவ எடத்துலதாண்ணே அவ போனா. அவதான் ஓரமாப் போனா."

மடையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கார்த்திகையில் ஊர் இரண்டாவது மனு எழுதியது. பாதை தேவையில்லை, பழைய நிலையே தொடர வேண்டும் என்று. வருவாய் ஆய்வாளர் அதைக் கொளஞ்சியிடம் காட்டினார். "ஊரே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க, நாங்க என்னங்க பண்றது?" குரலில் கோபமில்லை, ஒரு சுமை இறங்கின நிம்மதிதான் இருந்தது. கொளஞ்சி பக்கங்களைப் புரட்டினார். அதே கையெழுத்துகள். கைநாட்டுகள்கூட அதே வரிசையில். அவருடையதும் அமல்தாஸுடையதும் மட்டும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் கொல்லைக்குப் போய்ப் பருத்திச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். சர்வேயர் போட்ட கோடு மழையில் கரைந்திருந்தது. பனைமரத்தை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டார். செடி நிறையக் காய். இன்னும் ஒரு மாதத்தில் வெடிக்கும். கஞ்சி கொண்டுவந்த கண்ணகி தூக்குவாளியோடு வரப்பில் நின்றாள்.

"ஒனக்கென்ன பைத்தியமாய்யா? நீ மட்டும் வுட்டா அதுல யாரு போவா?"

"தெரியல."

"எங்க போவும் அது? அங்கேந்து சாமிதுரை சோளம். இங்கேந்து ராசாங்கத்துக் கரும்பு. நடுவுல நீ பாதை போட்டு எவன் வரப்போறான்?"

"நம்ம எடம் பாதையாத்தான இருந்துச்சு. பத்திரத்துலயே எழுதியிருக்கு."

அவள் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து வெடிக்காத காய்களைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். எதற்கும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

நூற்றுப்பத்தடி நீளம், பதினாறடி அகலம். மாவிலங்குறிச்சிக்கும் தேவன்குடிக்கும் நடுவில், ஒரு பக்கம் சோளத்தில் முட்டி, மறுபக்கம் கரும்பில் முட்டி, அந்தப் பாதை கிடந்தது. அருகு முளைக்கத் தொடங்கியதும் சாமிதுரையின் ஆடுகள் வந்து மேய்ந்தன. கொளஞ்சி அவற்றை விரட்டவில்லை.

மாசியில் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நந்தினி படித்தாள். "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிவு செய்யப்பட்டது." அடுத்த வாரம் ரோட்டில் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு வெளியே ஒன்றரையடித் தார் மிச்சம். நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் அது.

பங்குனியில் முதல் பரீட்சை. தமிழ். முந்தின நாள் சாயங்காலம் கண்ணகி கணவனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"பாதை வரல. என்ன பண்ணப்போற?"

உள்ளே நந்தினி படிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அவளப் போவ வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள் கண்ணகி. "ரெண்டு பீரியட்டு வுட்டுட்டு வுட்டுட்டுப் படிச்ச புள்ள. சைக்கிள் வேணாம். நடந்து போவட்டும். நீ ரோட்டுப் பக்கமா நட. அவ முள்ளுப் பக்கம். அடிச்சா மொதல்ல உன்னைய அடிக்கட்டும்."

"சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். வெள்ளைக் கோடு மேல் அதற்குள் புழுதி ஏறியிருந்தது. எங்கே கோடு, எங்கே ரோடு என்று தெரியவில்லை. கோடு இருந்த இடத்தை நினைவு வைத்து அதன் மேலேயே கொளஞ்சி நடந்தார். இடதுபக்கம், முள்ளை உரசிக்கொண்டு, ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்தபடி நந்தினி. பின்னாலிருந்து ஹாரன் அடித்தபோதும் அவர் ஒதுங்கவில்லை, திரும்பவும் இல்லை. லாரிகள்தான் வைதுகொண்டே விலகின. ஒன்று விலகவில்லை. அதன் காற்று அவர் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

ஓடை வளைவுக்கு முன்னால் நந்தினியின் நடை தளர்ந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு, லாரி ஓடும்போது அந்த ரோட்டில் அவள் கால் வைப்பது இதுதான் முதல். எதிரே இரண்டு லாரி, பின்னால் ஒன்று. புழுதி எழுந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் நடப்பவர் தெரியவில்லை.

"அப்பா."

"ம்."

நாலடி நடந்தாள்.

"அப்பா."

"ம். நட."

பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் அவள் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனார்.