நானூறு மணி நேரம்

என் தங்கையை வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் இருவரும் ஒரே சிறு கம்பெனியில் விமானிகள். அவள் தீவுகளுக்குத் தபால் கொண்டுபோவாள். கால் மணி நேரப் பறப்பு, குட்டி ஓடுதளம், எப்போதும் பேய்க்காற்று. ஒரு நாளைக்கு எட்டு முறை விமானத்தை இறக்குவாள், பறந்த நேரக் கணக்கில் ஏறுவது இரண்டே மணி நேரம்.

அப்போதுதான் வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் வேலை வந்தது. காலையில் ஏறினால் ஆறு மணி நேரம் நேர்க்கோடு. விமானம் தானே ஓடும், நான் கொட்டாவி விடுவேன். இருவரும் பாதிப் பாதி போங்கள் என்றார் முதலாளி. பெரிய விமானக் கம்பெனிகள் வேலைக்குச் சேர ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று கேட்டன. அதற்கு மேல் இருந்தால் மதிப்பு கூடும் என்று எனக்குப் பேராசை. முழுவதையும் எனக்கே விடச் சொல்லி அவளிடம் கெஞ்சினேன்.

"நான் உள்ளே போயிட்டா உன்னையும் இழுத்துக்குவேன்" என்றேன்.

"சரிண்ணா, எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான், ஒரு முகச்சுளிப்புகூட இல்லை.

வேலை முடிந்தபோது எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், அவளுக்கு ஆயிரத்து நூறு. இருவரும் ஒரு பெரிய கம்பெனிக்கு விண்ணப்பித்தோம். என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

சிமுலேட்டரில் பக்கக் காற்றை வைத்து இறக்கச் சொன்னார் தேர்வு நடத்திய கேப்டன். மூன்று முறையும் ஓடுதளத்தை விட்டு வெளியே போனேன். கடைசியாக இப்படிக் காற்றில் எப்போது இறக்கினேன் என்று கேட்டார். எனக்கு நினைவே வரவில்லை. வெட்கத்தை விட்டு, தினமும் இப்படிக் காற்றில் இறக்கும் தங்கையைப் பற்றியும் அவளுடைய மணிக் கணக்கையும் சொன்னேன்.

"ஆயிரத்தி நூறா? ஆயிரத்தி ஐநூறுக்குக் கீழ இருந்தா விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் எங்க கண்ணுலயே காட்டாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வாண்டு கேட்ட முதல் கேள்வி, காற்று எந்தப் பக்கம் என்பதுதான். வலது என்றேன். சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையை விமானமாக்கிக் காட்டினாள்.

"மூக்கு காத்துப் பக்கமே இருக்கணும்ணா. சக்கரம் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இடது காலை அழுத்தி நேராக்கு. வலது இறக்கை தாழ்வாவே இருக்கட்டும். அடுத்த தடவை சரியா வந்துடும்."

அந்தக் கை துளிகூட ஆடவில்லை. எனக்குத் தேவைக்கு மேல் நானூறு மணி, அவளுக்குக் குறைவது அதே நானூறு. நான் செய்தது துரோகம்தான், வேறு பெயர் இல்லை.

படமெடுக்கும் வேலை அதன்பின் வரவே இல்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து மறுதேர்வுக்கு அழைத்துக் கடிதம் வந்தது. வாண்டுதான் வாசலில் வாங்கி, உறையைப் பார்த்து, என்னிடம் நீட்டினாள். அதில் என் பெயர்தான் இருந்தது.