வாசிக்காத நாலு எண்ணிக்கை

விசேஷ வீடுகளில் வாசித்துப் பிழைப்பவனுக்கு ரசிகர்கள் மூன்று வகை: பந்திக்குப் போகிறவர்கள், பந்தியிலிருந்து வருகிறவர்கள், பந்தியில் இடம் கிடைக்காமல் நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களுக்கு அமெரிக்க ஃபங்க் ராக் என்ற துள்ளல் இசையை வாசிக்கலாம் என்று புதுக்கோட்டையில் நாலு பேர் முடிவெடுத்தோம். அதில் பேஸ் கிட்டார் நான். மேடையேறி அவதிப்பட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று. அதன் பாதியில் நாலு எண்ணிக்கைக்கு எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றாக மறுபடி வாசிப்பில் இறங்குவோம். பாட்டின் உயிரே அங்கேதான். ஒரே ஒரு தடவையாவது அதைக் கடைசி வரை வாசித்துவிட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

ஜெனரேட்டர்

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கல்யாணம். நாங்கள் நிறுத்திய மறுநொடி மைக் செட் முத்தையா அண்ணன் ஜெனரேட்டரை நோக்கி ஓடி, லைனை மாற்றினார். கிட்டார், பாட்டு எல்லாம் அடங்கிப்போக, டிரம்ஸ் செந்தில் மட்டும் அநாதையாக அடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"பயப்படாதீங்க தம்பி. கரண்டு போனா என்ன, நான் இருக்கேன்ல."

வெள்ளைக் கார்

திருக்கோகர்ணத்தில் ரிசப்ஷன். இம்முறை அண்ணனிடம் முன்னாலேயே சொல்லி உட்காரவைத்திருந்தோம். பெண்ணின் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. நாங்கள் நிறுத்தியதும் அவர் மைக்கைப் பிடுங்கினார். "வாசல்ல வெள்ளைக் கார நிப்பாட்டுனவங்க எடுத்து அங்கிட்டு விடுங்க, தண்ணி வண்டி உள்ள வரணும்." முன்வரிசையில் பாதி எழுந்து போனது. பாட்டும் அதோடு போனது. ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

"நீங்க முடிச்ச பெறகுதானே பேசுனேன். நடுவுல பேசுற பழக்கம் எனக்குக் கெடையாது தம்பி."

காதுகுத்து

செந்திலுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவனுக்குக் கடைசி மேடை கொடும்பாளூரில் ஒரு காதுகுத்து. ஊசி ஏறும்போது குழந்தையின் அழுகை கேட்காதபடி சத்தமாக வாசிக்க வேண்டும், அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமனும், "புள்ள அழுகுறது வெளிய கேக்கக் கூடாது" என்று மீசையைத் தடவியபடி சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்ததிலேயே அதிகச் சத்தம் எங்கள் சொந்தப் பாட்டுதான். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் நிறுத்தும் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஆசாரி படு சுறுசுறுப்பு. நாங்கள் நிறுத்தியதும் ஊசி ஏறியதும் ஒரே நேரம். குழந்தை வீரிட்டது. பக்கத்தில் இருந்த அறிவிப்பு மைக் அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. பந்தலில் யாரும் மூச்சு விடவில்லை. முத்தையா அண்ணன்கூட அசையவில்லை. நாலு எண்ணி ஒன்றாக இறங்கினோம், கடைசி வரை வாசித்தோம். செந்தில் குச்சியை வைத்துவிட்டு அழுதான். அப்போதுதான் தாய்மாமன் மேடையை நோக்கி வருவதைப் பார்த்தோம். அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு ஒண்ணும் வெளங்கல தம்பி. ஆனா எம் மருமக அழுதப்ப மரியாதையா நிப்பாட்டுனீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு."

ஆக, இத்தனை வருஷம் விரல் தேய வாசித்த எங்களை ஒருவர் மனதாரப் பாராட்டியது, நாங்கள் வாசிக்காத அந்த நாலு எண்ணிக்கைக்காகத்தான்.