கோஷத்தின் மறுபாதி

"உலகத் தொழிலாளர்களே" என்று நான் சொல்ல வேண்டும். "ஒன்று சேருங்கள்" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் வாயிற்கூட்டங்களில் அதுதான் வழக்கம். எடுத்துக் கொடுப்பவள் மறுபாதியைச் சொல்லக் கூடாது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாங்கள் அறுபது பெண்கள். பி.யூ.சி. படித்தவள், தொண்டையும் பெரிது என்று அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். நானும் நூலகத்தில் தேடிப் படித்தேன். ஜெர்மன் மொழியில் பிறந்த வரி. நூற்று நாற்பது ஆண்டுப் பழசு. எழுதியவரின் கல்லறையிலும் அதைப் பொறித்திருக்கிறார்களாம். முதலாளியிடம் ஒருத்தியாகப் போனால் தோற்போம், எல்லாரும் சேர்ந்து போனால் அவர் பேசித்தான் ஆக வேண்டும். நான் புரிந்துகொண்ட பொருள் இவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்தாள்.

"ஒலகமே ஒண்ணு சேர்ணுமாக்கா? அண்ணனூர்லேர்ந்து வர்றவளே இன்னும் வந்து சேர்ல."

அப்படிச் சிரித்தவளைத்தான் பிறகு வேலையிலிருந்து நீக்கினார்கள். பிரசவத்துக்கு லீவு கேட்டிருந்தாள். அவளைத் திரும்ப எடுக்கும்வரை உள்ளே போவதில்லை என்று வெளியே வந்தோம்.

முப்பத்தெட்டாம் நாள் காலை, பள்ளி விடுமுறை என்பதால் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். வாயிலில் நாங்கள் போட்டிருந்த பந்தலில் ஒருவரும் இல்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். இனிப் போராட மாட்டோம் என்று முந்தின நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"ஊட்டுக்குப் போம்மா. கொயந்தய வெயில்ல நிக்க வெச்சிகினு," என்றார் வாட்ச்மேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "உலகத் தொழிலாளர்களே." ஒரு தலையும் திரும்பவில்லை. ஒருத்தி மட்டும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மறுபடி கத்தினேன். மூன்றாம் முறை குரல் உடைந்தது.

"ஒன்று சேருங்கள்," என்றாள் மகள், என் இடுப்பருகே நின்று.

அவள் வாயைப் பொத்தினேன். மறுநாள் நானும் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். நீக்கப்பட்டவளுக்குக் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

பதினோரு வருடம் ஆகிறது. மகள் இப்போது பூந்தமல்லிப் பக்கம் துணி தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஒருத்தியை நீக்கிவிட்டார்களாம். இன்று வாயிலில் கூட்டம், கோஷம் எடுத்துக் கொடுக்கப் போவது இவள். காலையில் என்னென்னவோ சொல்ல நினைத்து, "டிபன் எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டேன்.

"எடுத்துக்கினேம்மா. நீ இன்னாத்துக்கு இப்டி பாக்கற?"

பஸ் போன பிறகும் தெருமுனையில் நின்றேன். அவள் கத்துவாள் என்பதில் பயமில்லை. பதில் வராவிட்டால் அவள் பக்கத்தில் யார் நிற்பார்கள்?