பூவுக்குப் போக மீதிதான் படத்துக்கு

மாசமாக இருக்கும் பெண்ணைப் படம் எடுக்கிற தொழிலில் காலையில் முதலில் விசாரிக்க வேண்டியது அன்றைய மல்லிகைப்பூ விலையை.

மதுரை சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. பிலிம் ரோல் காலம். கேமரா என் வீட்டுக்காரர் கையில், கல்லா என் கையில். அவர் "சிரிங்க" என்பார். அவர்கள் சிரிப்பதும் சிரிக்காததும் நான் அதற்கு முன் சொல்லியிருந்த தொகையைப் பொறுத்தது. வளைகாப்பு முடிந்த கையோடு, பூச்சடை தைத்து, கை நிறைய வளையலோடு, மூச்சு வாங்க மூச்சு வாங்கப் பெண்கள் படியேறி வருவார்கள். ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால், முகம் முன்னால் தெரியும், பூச்சடை கண்ணாடிக்குள் தெரியும். ஸ்டூலுக்கு அடியில் ஒரு பாய். சடையைச் சரிசெய்துவிட்டு நான் பாயின் ஓரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அங்கே நின்றால் கண்ணாடியில் விழமாட்டேன்.

கல்லாவில் உட்கார்ந்து "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்ற வார்த்தையை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாசத்தோடு முடிந்துபோனது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சடையைத் திருத்திவிட்டு ஓரமாக நிற்கும்போது, ஒரே ஒரு நாள் அந்த ஸ்டூலில் நானும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருக்கும். வேறு பெரிய ஆசை எதுவும் அந்த வயதில் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

பூ விலை

வளைகாப்புச் செலவில் வளையலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒதுக்குவார்கள். பூவுக்கும் படத்துக்கும் மட்டும் சேர்த்து ஒரே தொகை. பூவுக்குப் போக மீதிதான் படத்துக்கு. சித்திரையில் பூ மலிந்து கிடக்கும்போது சட்டம் போட்ட பெரிய படம் வரை கேட்பார்கள். தை மாச முகூர்த்தத்தில் பூ விலை ஏறிக்கொண்டால் அதே குடும்பம் அஞ்சலட்டை அளவுக்கு இறங்கிவிடும். பூக்கடை அண்ணனிடம் காலையில் விலையைக் கேட்டாலே அன்றைக்கு எத்தனை காப்பி போகும் என்று நான் சொல்லிவிடுவேன்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் பெரிய படத்துக்குச் சொல்லி வைத்திருந்தது. வரும்போது பெண்ணின் தலையில் இடுப்புக்குக் கீழே வரை சடை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, படம் சிறுத்துவிட்டது என்று. ஒரு காப்பி போதும் என்றார்கள். சடையில் நாலு சரம் குறைத்திருந்தால் பெரிய படமே எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். பெண்ணின் சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "பூவுல கொறச்சா ஊரு பாக்கும். போட்டோவுல கொறச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

ஆளுக்குப் பாதி

படத்துக்கான காசைப் பெண் வீட்டார் கொடுப்பதா, மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதா என்பதற்கு எங்கள் பக்கத்தில் முறை என்று ஒன்று கிடையாது. சீர் வரிசைக்கெல்லாம் விதி வகுத்த முன்னோர்கள் கேமராவை யோசிக்கவில்லை. அதனால் அந்த வழக்கு தினமும் என் மேஜைக்கு வரும்.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம் ஒன்று. இரண்டு சம்பந்தியம்மாக்களும் வந்திருந்தார்கள். பில்லை நீட்டினேன். பெண்ணின் அம்மா கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா தெருவைப் பார்த்தார். பெண் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி எனக்காகப் பாவப்பட்டாள். நானும் அவசரப்படவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நாளும் வெயிலாக இருந்தது, காத்திருந்தால் யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சரியாகப் பாதித் தொகையை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்: "வயித்துல இருக்கறது எங்க வாரிசு, அதுக்கு நாங்க தாரோம். மொகமும் சடையும் அவுக பொண்ணோடது, அதுக்கு அவுக குடுக்கட்டும்."

சிரிக்காமல் இருந்திருக்கலாம்

நான் சிறுவயதில் வளர்ந்த தெருவில் பாதி வீடுகள் சௌராஷ்டிரக் குடும்பங்கள். தறிச் சத்தத்தோடு அவர்கள் பாஷையும் காதில் ஏறிவிட்டது. பேசத் தடுமாறுவேன், ஆனால் கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் புரியும். கல்லாவில் உட்காரும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளர்கள் என் எதிரிலேயே உட்கார்ந்து, எதுவரைக்கும் கொடுக்கலாம் என்று தங்களுக்குள் முடிவு செய்வார்கள். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு பெரியம்மாவும் அவர் தங்கையும் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் ஏதோ வீட்டுக் கதை பேசினார்கள். பிறகு தங்கள் பாஷையில் ஒரு தொகையைப் பேசி, அதற்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நானும் நியாயமாக யோசிப்பதுபோல் யோசித்துவிட்டு, அதே தொகையைச் சொன்னேன். இரண்டு பேரும் மறுபேச்சு இல்லாமல் எண்ணி வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படியிறங்கப் போன பெரியம்மா திரும்பி வந்து, சுத்தமான மதுரைத் தமிழில் சொன்னார்: "வந்ததும் எங்க வீட்டுக்காரரு வேட்டி அவுந்த கதைய எங்க பாஷையில பேசுனோம்ல, நீ சிரிச்சிட்டம்மா. அதான் பெறகு அம்பது ரூவா கொறச்சே பேசிக்கிட்டோம்."

கன்னத்துப் பொட்டு

பெரிய படங்களில் பரு, தழும்பு, வியர்வைப் புள்ளி எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் மறைப்பதற்கு டச்சிங் என்று பெயர். அதற்கென்று ஓர் ஆள் வைத்திருந்தோம். வேலையில் கெட்டிக்காரர். புள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பில்லிலும் டச்சிங் என்று தனியாகப் போட்டு ஒரு தொகை வாங்குவோம்.

ஒரு பெண்ணுக்கு மாமியார் திருஷ்டிக்காகக் கன்னத்தில் மையால் நல்ல பெரிய பொட்டாக வைத்துக் கூட்டிவந்தார். படம் பிரமாதமாக வந்தது. நம் கெட்டிக்காரர் அந்தப் பொட்டையும் மிச்சம் வைக்காமல் அழித்து, கன்னத்தைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். மாமியார் வந்து உறையைப் பிரித்தார், படத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பிறகு பில்லைப் பார்த்தார். அதில் டச்சிங் என்ற இடத்தில் விரலை வைத்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம்கூட உடனே வரவில்லை, திகைப்புதான் வந்தது: "ஊரு கண்ணு படக் கூடாதுன்னு நாங்க வச்ச பொட்ட அழிக்கிறதுக்கு, நாங்களே காசு குடுத்துருக்கோமா?"

கொண்டை ஊசி

சடை தைப்பவர் பெண்ணின் வீட்டிலேயே தைத்துவிட்டுப் போய்விடுவார். ஆட்டோவிலும் படியிலும் ஆடி வந்த சடை ஸ்டூடியோவுக்கு வரும்போது ஒரு பக்கமாகத் தொங்கும். அதை நிமிர்த்துவது என் பொறுப்பு. உதட்டில் இரண்டு கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு நின்றபடியே சரிசெய்வேன்.

ஒருநாள் அப்படி நிற்கும்போது கூட வந்த அத்தை, "ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?" என்று கேட்டார். ஊசியை எடுத்துவிட்டு, இன்னும் இல்லை என்றேன். அத்தை என் கையிலிருந்த ஊசிகளை மெதுவாக வாங்கிக்கொண்டு, தானே சடையைச் சரிசெய்யப் போனார். நான் பாயின் ஓரத்தில் நின்றேன். வலித்தது. அந்த அத்தைமேல் கோபம் வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் இரண்டு முறை குத்தி, இரண்டு முறையும் சடை சரிந்தது. ஸ்டூலில் இருந்த பெண் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்தே, ஊசிய அந்த அக்காட்டயே குடுங்க. நீங்க குத்துனா எனக்கு மண்டதான் வலிக்கிது."

கோச்சடைக்காரர்

அடுத்த வருஷம் எனக்குக் கரு நின்றது. மூன்றாம் மாசம் போனது, நான்காம் மாசம் போனது. ஐந்தில்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. ஏழாம் மாசம் பூச்சடைப் படம் எடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதற்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்தும் வைத்தோம். பிலிமும் சொந்தம், கேமராக்காரரும் சொந்தம், இருந்தாலும் படம் கழுவும் லேபுக்கும் பூவுக்கும் காசு வேண்டுமே. ஏழாம் மாசம் தையில் வந்தது. பூக்கடையில் விலை கேட்டேன். கேட்டதும் எனக்குள் இருந்த கல்லாக்காரி விழித்துக்கொண்டாள். "மாசி பெறக்கட்டுங்க, பூ எறங்கிரும். அப்ப எடுத்துக்குவோம்" என்று நானே சொல்லிவிட்டேன். எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய வார்த்தை, எனக்கும் அதே வாயில் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் கோச்சடையிலிருந்து ஒருவர் மகளுக்காக விலை விசாரிக்க வந்துகொண்டிருந்தார். மகளுக்கு ஒன்பதாம் மாசம். முதல் தடவை மூன்று காப்பி என்றார். அடுத்த தடவை இரண்டு என்றார். மூன்றாம் தடவை பூக்கடை வழியாக வந்திருப்பார் போல, ஒரே காப்பி போதும் என்றார். தலைப்பிள்ளை ஆயிற்றே, இன்னொன்று சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தோள் துண்டை உதறிக்கொண்டே பதில் வந்தது: "பூவு இன்னிக்கி விட்டா நாளைக்கி வாடிரும். போட்டோ எங்கம்மா ஓடிறப் போகுது? அத அடுத்த பிள்ளைக்கி எடுத்துக்கிருவோம்."

பாயின் ஓரம்

கோச்சடைக்காரர் மகளை அழைத்துவந்த அன்று முகூர்த்த நாள், நல்ல கூட்டம். நான் வழக்கம்போல உதட்டில் ஊசியோடு சடையை நிமிர்த்தினேன். இந்தத் தடவை யாரும் என்னிடமிருந்து ஊசியை வாங்கவில்லை. வழக்கம்போலப் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, சடை சரியாக நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு படம் எடுத்தார். அவ்வளவுதான் அன்றைய வேலை.

மாசி பிறப்பதற்குள் எனக்கு மகள் பிறந்துவிட்டாள். எட்டாம் மாசத் தொடக்கம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை, பதிலுக்குப் பயந்துகொண்டு. படத்துக்கு எடுத்து வைத்த பணமும் அதோடு மற்றதும் ஆஸ்பத்திரிக்குப் போனது. போனது பற்றி வருத்தமில்லை. மூன்றாம் வாரம் அவள் தானாகப் பால் குடிக்க ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம், வயிற்றைத் தடவிப் பார்த்தேன். வயிறு இல்லை. படமும் இல்லை. இனி எடுக்கவும் முடியாது. அதற்குத்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு உறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே கோச்சடைப் பெண்ணின் பூச்சடைப் படம். எதற்கு இதை என்னிடம் தருகிறார் என்று புரியவில்லை. பிறகு கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். சடைக்கு அருகில், கண்ணாடியின் ஓரத்தில் நான் நிற்கிறேன். உதட்டில் கொண்டை ஊசி, கசங்கிய நூல் சேலை, தலையில் ஒரு பூ கிடையாது. இத்தனை வருஷமாக நின்ற அதே இடத்துக்குத்தான் நகர்ந்திருக்கிறேன். நான் நகர்ந்தேன், வயிறு நகரவில்லை. முழு வயிறும் கண்ணாடிக்குள் பளிச்சென்று தெரிகிறது. இதை ஏன் அவர்கள் வாங்கவில்லை என்று கேட்டேன். கோச்சடைக்காரர் உறையைப் பிரித்ததும் சொன்னதை வீட்டுக்காரர் அப்படியே சொன்னார்: "தம்பி, எம் மகளுக்கு ஒரு பிள்ளதான். படத்துல ரெண்டு வயிறு தெரியுது. இதுக்கெல்லாம் நான் காசு தர முடியாது."

பூ விலை இறங்கட்டும் என்று ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவளுக்கு, பூவே வைக்காமல், காசு தர முடியாது என்று ஒருவர் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு காப்பிதான் மிஞ்சியது.