பாட்டில் எடுத்தாந்தியா?

பிராந்தி குடித்துப் போட்ட குவார்ட்டர் பாட்டிலைச் சாம்பல் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி எத்தனை தடவை குலுக்கிக் கழுவினாலும் அந்த வாசனை முழுசாகப் போகாது என்பது பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். விலை மலிவென்று எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் கரும்புக்கொல்லை வரப்பில் வீசிய பாட்டில்களை, மூடி இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி வந்து கழுவிக் காயவைத்தால்தான் "மாட்டாஸ்பத்திரி"யில் மருந்து கிடைக்கும். அங்கே மருந்து பெரிய கேனில் இருக்கும். மாட்டுக்கு என்ன நோவு என்று கேட்பதற்கு முன்னால் கம்பவுண்டர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பாட்டில் எடுத்தாந்தியா?"

அந்தக் கேனில் ஒட்டியிருந்த தாளில் மருந்தின் பெயர், எந்தப் பிராணிக்கு, எவ்வளவு, குடிக்கவா பூசவா, கொடுத்தபின் எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். அவ்வளவு அக்கறையாக அச்சடித்த தாள் ஆஸ்பத்திரி மூலையிலேயே கேனோடு கிடக்கும். மருந்து மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் பாட்டிலில் கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது பிராந்திக் கம்பெனியின் லேபிள்தான்.

அம்மா தன்னால் முடிந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தாள். பூசுகிற மருந்துக்கான பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். கயிறு கட்டியதை நாங்கள் தொடவே கூடாது. எட்டாவது வரை படித்தவள், டீக்கடையில் பழைய பேப்பரில் கட்டிக் கொடுத்தால்கூட ஒரு வரி விடாமல் படிக்கிறவள், படிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் கயிற்றை நம்ப வேண்டியிருந்தது.

எங்கள் பசு "செவலை" கன்று போட்டிருந்த சமயம். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் இருந்த நானும் அம்மாவோடு போயிருந்தேன். வயிற்றுப் புழுவுக்குக் குடிக்கிற மருந்தும், உண்ணிக்குப் பூசுகிற மருந்தும் வேண்டியிருந்தன. அம்மா இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்து, "கயிறு கட்டுனதுல பூசறத ஊத்துங்க சார்" என்றாள். கம்பவுண்டர் யாரோடோ எலெக்ஷன் பேசிக்கொண்டே, "சரி சரி, தெரியும்" என்று புனலை வைத்து ஊற்றினார். இரண்டும் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள். அம்மாவுக்கு என்னவோ சந்தேகம் வந்து, "சார், மாத்திடலையே?" என்று கேட்டாள். "இன்னாம்மா, எனக்கே வேல கத்துக் குடுக்கிறியா?" என்றார் கம்பவுண்டர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கயிறு கட்டாத பாட்டிலிலிருந்து அளந்து, மூங்கில் குழாயில் ஊற்றிச் செவலைக்குப் புகட்டினாள். நாற்றம் அடித்ததுதான். மருந்து என்றால் நாறும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் செவலையின் வாயிலிருந்து நுரை நுரையாக வழிந்தது. உடம்பு நடுங்கியது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழ முடியாமல் தலையைத் தரையில் அடித்துக்கொண்டது. கன்று கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

அம்மா அந்தக் கயிறு கட்டாத பாட்டிலை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். டாக்டர் அன்று வேறு ஊரில் முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "பூசறத எடுத்துப் புகட்டி வச்சிருக்கியே, படிக்கத் தெரியாதா உனக்கு?"

எதைப் படிப்பது? அந்தப் பாட்டிலில் பிராந்தியின் பெயரைத் தவிர வேறு என்ன எழுத்து இருந்தது? இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாங்கள் திரும்பி வரும்போது செவலை போய்விட்டிருந்தது. மறுநாள் மடுகரையிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, தெருவே கேட்க ஒப்பாரி வைத்தாள்: "வூட்டு லட்சுமிய உன் கையாலயே கொன்னுட்டியேடி!" அம்மா கயிற்றைப் பற்றிச் சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நாளைக்கி மாட்ட புடிச்சிகினு அங்கதான போவணும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கம்பவுண்டர்மேல் இருக்கிற அதே கோபம் எனக்கு அப்பாமேலும் உண்டு. ஊர் அம்மாவுக்கு "மாட்டக் கொன்னவ" என்று பெயர் வைத்தது. அதன்பிறகு எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அம்மா தன் கையால் மருந்து ஊற்றியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடுவாள்.

இப்போது எங்கள் தெருவில் மாடே இல்லை. காலையில் பாக்கெட் பால் வருகிறது. கட்டுத்தறி இருந்த இடத்தில் தம்பியின் பைக் நிற்கிறது. அந்தக் கம்பவுண்டர் இல்லை, ஓட்டுக் கட்டடமும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு டைல்ஸ் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். போன மாதம், தம்பி வளர்க்கிற ஆடுகளுக்கு உண்ணி மருந்து வாங்க அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். கவுண்ட்டரில் இருந்த இளைஞர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பாட்டில் எடுத்தாந்தியா?"

நான் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த மாடுகள் மிரண்டன. "எல்லாருக்கும் இப்படித்தான்மா குடுக்கறோம்" என்றார். "அதத்தான்யா கேக்கறேன், ஏன் எல்லாருக்கும் இப்படிக் குடுக்கற?" என்றேன். என்ன மருந்து என்று எழுதி ஒட்டித் தராமல் நகர மாட்டேன் என்று கவுண்ட்டரை மறித்து நின்றேன். கடைசியில் எங்கிருந்தோ ஒரு பாட்டிலைத் தேடி எடுத்து, மருந்தை ஊற்றி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் கிழித்து அதில் எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வாசலில் வைத்தேன். செவலை போனபின் அம்மா மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை, அன்று எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து, தடுமாறாமல் வாசித்தாள்: "உண்ணி மருந்து. தண்ணீரில் கலந்து பூச மட்டும். குடிக்கக் கொடுக்கக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்குப் படிக்கத் தெரியும்டி" என்றாள். "அன்னிக்கும் தெரியும்."