பொறுமையின் இழுப்பறை

எங்கள் அத்தானைத் தெருவில் யாருக்கும் பெயர் சொன்னால் தெரியாது. ‘பொறுமை’ என்றால்தான் தெரியும். பங்குச் சந்தைத் தரகர். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், சத்தம் மட்டும் போடும் ஒரு ஏசி. பதினோரு வருடம் அங்கே பங்கு வாங்க, விற்க கம்ப்யூட்டரில் ஆர்டர் அடித்தவள் நான், அவர் மனைவியின் தங்கை.

பங்கை விற்கச் சொல்லி யார் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அவர் உடனே விற்க மாட்டார். இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார். பயத்தில் எழுதியது, மதியம் வரை ஆறட்டும் என்பார். பாதிப் பேர் அதற்குள் மனம் மாறிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிறகு விலை ஏறினால் அவர்தான் தெய்வம். அந்தப் பேரில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

பெரிய வங்கி ஒன்று கவிழப் போகிறது என்று செய்தி வந்த காலையில், சந்தை திறக்கும் முன்பே மாடிப்படி நிறைய ஆட்கள். முதலில் வந்தவர் பள்ளி வேன் ஓட்டுநர். மகளின் கல்லூரிப் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பங்குகள். கட்டணம் கட்ட ஒன்பது நாள்தான் இருந்தது. எல்லாவற்றையும் விற்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அத்தான் அவர் தோளில் கைபோட்டு, தண்ணீர் கொடுத்து, சீட்டை உள்ளே தள்ளினார். பின்னால் வந்த முப்பது சீட்டுக்கும் அதே கதிதான்.

பிறகு என் காதருகே குனிந்து, “சந்தை மணி அடிச்சதும் உங்க அக்கா பேர்ல இருக்கறதை முதல்ல வித்துடு” என்றார். விற்றேன். மதியம் இழுப்பறையைத் திறந்தபோது அந்தப் பங்குகளை வாங்கச் சந்தையில் ஆளே இல்லை.

அன்று மாலை மனிதர் வீடு வீடாகப் போய், தானும் நொடிந்துவிட்டதாக நாக்கூசாமல் சொல்லி அழுதார். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். தூ! அடுத்த மாதமே மிச்சம் மீதியையும் அவரிடமே கொண்டுவந்து கொட்டினார்கள். அவரைவிட அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் குமட்டியது. வேலையை உதறினேன்.

வேன் ஓட்டுநரிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று போனேன். கட்டணம் கட்ட முடியாமல் மகள் துணிக்கடையில் பில் போடப் போய்விட்டாளாம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“என் சீட்டு உள்ள கிடக்குதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

தெரியும் என்றேன்.

“உன் காசும் பங்குலதானே இருந்துச்சு? அதை எப்ப எடுத்தே?”

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அக்காவுடையதை விற்ற கையோடு என்னுடையதையும் விற்றேன் என்றேன். அதை விற்கச் சொல்லி அத்தான் சொல்லவில்லை.